வண்டிப்பெரியாற்றில் பர்மாச் சாப்பாடு

எனக்கு எழுத வராது. நாலாம் கிளாஸோடு நின்றவள். எழுத்தும் கோணல், ஞாபகமும் ஓட்டை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, தை அறுப்பு முடிந்த கையோடு நாங்கள் மூன்று பேர் பெருமாட்டியிலிருந்து வண்டிப்பெரியாற்றுக்குப் போய் பர்மாச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தோம். நான், என் மகன் முத்துசாமி, மருமகள் செண்பகம்.

அக்கம்பக்கத்தாரிடம் சாப்பிடத்தான் போகிறோம் என்று சொன்னோம். உள்ளே இருந்த காரியம் வேறு. செண்பகம் பர்மாவில் பெகு என்ற ஊரில் பிறந்தவள். அவள் அப்பன், என் பெரியப்பன் மகன், அங்கே அரிசி மில்லில் வேலை பார்த்து, பர்மாக்காரப் பெண்ணையே கட்டியிருந்தான். பர்மா சர்க்கார் நம்மவர்களைத் திருப்பி அனுப்பிய காலத்தில் அவன் மகளோடு கப்பலேறி வந்துவிட்டான். மனைவி தன் கிழத் தாயை விட்டுவர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டாள். அவனும் இங்கே வந்து இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் பெகுவிலிருந்து தபால் இல்லை. தேங்காய் லோடு இறக்கப் போன எங்களூர் லாரிக்காரர், பெகுக்காரி ஒருத்தி வண்டிப்பெரியாற்றில் கடை போட்டிருக்கிறாள் என்று சொன்ன நாளிலிருந்து செண்பகத்துக்குத் தூக்கம் இல்லை. அம்மா இருக்கிறாளா என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் பயணம்.

விடியற்காலை முதல் பஸ். மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி. கேரளத்தில் ஏறி, பகல் முழுக்கத் தமிழ்நாட்டில் ஓடி, மறுபடி கேரளத்தில் இறங்குகிற வழி இது. இருட்டியபோது கம்பத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். செண்பகம் வழியில் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. "அங்க போயி சாப்பிட்டுக்கலாங்க அத்தை" என்றாள்.

மறுநாள் காலை குமுளி மலை. வளைவுக்கு வளைவு எனக்குத் தலை சுற்றியது. குமுளியில் வண்டி மாறினோம்.

"அம்மச்சி எவிடேக்கா?" என்றார் கண்டக்டர்.

"பெரியாறுங்க. பர்மாக்காரி கடைக்குங்க."

"ஓ, மீன் சேமியாக் கடையோ! ஒரு தடவை சாப்பிட்டா வீட்டுச் சோறு பின்ன பிடிக்காது கேட்டோ" என்று சிரித்தார். அங்கிருந்து எட்டு ஒன்பது மைல் இருக்கும். இரண்டு பக்கமும் தேயிலைதான்.

கடை பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த தகரக் கொட்டகை. கடைக்காரம்மா லுங்கி கட்டி, கன்னத்தில் சந்தனம் மாதிரி எதையோ அரைத்துப் பூசியிருந்தாள். செண்பகம் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்துசாமிதான் மூன்று தட்டு மொகிங்கா, அதுதான் அந்த மீன் சேமியா, சொன்னான். தட்டு ஒரு ரூபாய்.

"எனக்கு டீ போதுமப்பா" என்றேன். ஆட்டுக்கறி, கோழி எல்லாம் தின்பேன். மீன் வாசம் மட்டும் ஆகாது.

"நம்மூட்டுச் சந்தகைதாம்மா. தேங்காப் பாலுக்குப் பதிலா மீனுச்சாறு. உள்ள வாழைத்தண்டுகூடக் கெடக்குது பாரு" என்றான். இடியாப்பமானாலும் மீன் மீன்தான் என்று என் தட்டில் வந்ததையும் அவன் தட்டிலேயே கொட்டிவிட்டேன்.

செண்பகம் தன் தட்டிலிருந்து முதலில் ஒரு கரண்டி எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்தாள். கடைக்காரம்மா பார்த்துவிட்டாள்.

"ஆத்தாடி! பர்மாவுல வளந்த பிள்ளையா நீ?"

"காக்காய்க்குங்க. ஊட்டுலயும் இப்படித்தான் எடுத்து வெப்பா" என்று நான் குறுக்கே சொன்னேன். எங்கள் வீட்டில் முதல் பிடி இறந்தவர்களுக்கு. இவளும் அப்பனுக்குத்தான் எடுத்து வைக்கிறாள் என்று நினைத்து, அந்தச் சோற்றை நானே தினமும் ஓட்டின் மேல் வைத்துவிட்டு வருவேன்.

கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல மாமியார்தான் போங்க! காக்காய்க்கு இல்லம்மா. பெரியவுகளுக்கு. கூட உக்காந்திருந்தா அவுக தட்டுல மொதல்ல வைப்போம். தூரத்துல இருந்தா இப்படி ஒதுக்கி வைப்போம். உனக்கு யாரு தாயி தூரத்துல?"

"அம்மாங்க. பெகுவுல. மில்லு வாசல்ல சுருட்டு விக்குங்க. பேரு மா தின்."

கடைக்காரம்மாவின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த கரண்டியை மெதுவாகப் பானைக்குள் வைத்தாள்.

"பக்கத்துக் கடைதான் நான். அவுககிட்ட நெருப்பு வாங்கித்தான் தெனமும் அடுப்பு பத்த வைப்பேன்." பானையை மூடிவிட்டு செண்பகத்தின் பக்கம் வந்தாள். "நான் கெளம்புறதுக்கு முந்துன மழையில காய்ச்சல் தாயி. நாலு நாளுகூடத் தாங்கல."

முத்துசாமி தட்டைத் தள்ளி வைத்தான். செண்பகம் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒதுக்கி வைத்த கிண்ணத்தை எடுத்து, காலியாக இருந்த என் தட்டில் கவிழ்த்தாள்.

"நீங்க சாப்புடுங்க அத்தை."

அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். நான் சாப்பிட்டேன். மீன் வாசம் தெரியவில்லை. என்ன ருசி என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. புறப்படும்போது கடைக்காரம்மா காசு வேண்டாம் என்றாள். முத்துசாமி வற்புறுத்திக் கொடுத்தான்.

வந்த வழியே திரும்பினோம். வீட்டில் இப்போது சோறு வடித்ததும் முதல் கரண்டி என் வட்டிலுக்குத்தான் வருகிறது. ஓட்டின் மேல் காக்கைகள் வந்து கத்துகின்றன. அவளப்பன் திதியன்று மட்டும் வைக்கிறேன்.

ஊர்ப் பெயர்களை முன்பின்னாக எழுதியிருப்பேன். தெரிந்தவர்கள் சரிபார்க்க வேண்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மா தின் எந்த மாசம், எந்த நாள் இறந்தாள் என்று கடைக்காரம்மாவுக்கும் நினைவில்லை. மழைக்காலம் என்பதோடு சரி. பெகுவிலிருந்து வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த நாளை விசாரித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு அவளுக்கென்று ஒரு பிடி வைக்க வேண்டும்.