எலிக்கு மின்னாடி

கண்ணாடிக் குப்பியின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்துவிட்டு, "வா, வா... இப்டி வா" என்கிறாள் தாட்சாயணி. தொழுவத்தில் கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற அதே குரல். உள்ளே மை போலக் கலங்கியிருக்கும் கறுப்பு நீர் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு, பிறகு மெல்ல நகர்ந்து வந்து காந்தத்தின் பக்கமாகச் சுவரில் அப்பிக்கொள்கிறது. மிச்சத் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. அடக்கிவைத்த மூச்சை அப்போதுதான் விடுகிறாள். சில நாள் கறுப்பு வராது. அடியில் வண்டலாய்ப் படுத்துக்கொள்ளும். அன்றைக்கு மதியச் சோற்றை அவள் தொடமாட்டாள். திருப்பதியில் அவள் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்தில் அன்று யாரும் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.

அவள் செய்வது இரும்புத் துகள். கண்ணுக்கே தட்டுப்படாத பொடிசு. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பாலிமர் சட்டை, அந்தச் சட்டைக்குள் புற்றுநோய் மருந்து. ரத்தத்தில் விட்டுவிட்டு, கட்டி இருக்கிற இடத்தில் வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால், துகள்கள் மருந்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்க் கூட வேண்டும். ஸ்கேன் எடுத்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியவும் வேண்டும். இத்தனை 'வேண்டும்' போடக் காரணம், இதெல்லாம் இன்னும் அவளுடைய குப்பியைத் தாண்டவில்லை. அடுத்த படி எலி. அதற்கே இன்னும் அனுமதி வந்தபாடில்லை.

காந்தம் எப்போதும் கைப்பையில் கிடப்பதால் கைக்கடிகாரம் அடிக்கடி நின்றுபோக, கட்டுவதையே விட்டுவிட்டாள். தலைக்கு பிளாஸ்டிக் கிளிப்தான். ஓட்டலில் காபி வந்தால் முதலில் டம்ளரில் காந்தத்தை வைத்துப் பார்ப்பாள். ஒட்டிக்கொண்டால் "மட்ட எவர்சில்வரு" என்று முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் குடிப்பாள். கல்யாண வீட்டிலும் இந்தக் கூத்து உண்டு. பேராசிரியரிடம் தெலுங்கு, கருத்தரங்கில் ஆங்கிலம். துகள்களிடம் மட்டும் ஊர்த் தமிழ்.

ஊர், சித்தூரிலிருந்து பலமனேர் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டியது. நைனா முனிசாமி குத்தகை நிலத்தில் தக்காளி போடுகிறார். மகள் திருப்பதியில் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "எலிக்கு மருந்து செய்றா" என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். தெலுங்கும் தமிழும் கலந்தடிக்கிற பக்கத்து வீட்டுப் பாலையா, அவள் ஊருக்கு வந்த அன்றைக்கே வாசலில் வந்து நின்றார்.

"அம்மாயி, அந்த எலுகல மந்து நமக்கும் கொஞ்சம் குடும்மா. வேர்க்கல்ல மூட்டய பூரா துன்னுட்டுப் போவுது."

டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவளை எலிப் பாஷாணம் விற்கிறவளாக்கிவிட்டார்களே என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த முறை குப்பியையும் காந்தத்தையும் ஊருக்கே கொண்டுபோய்ச் செய்து காட்டினாள். "காந்தம் எங்க கீதோ, மருந்து அங்க போவும். கட்டிய மட்டும் புடிச்சிக்கும், மத்தத தொடாது. முடி கூட கொட்டாது." கறுப்பு நீர் அன்றைக்குப் பார்த்து சமர்த்தாக நகர்ந்து வந்தது. கூடி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். 'இன்னும் ஆகவில்லை' என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்தக் குஷியில் விட்டுப்போயிற்று.

கூட்டத்தில் அத்தை செல்லியம்மாவும் இருந்தாள். முனிசாமியின் அக்கா. இடது மார்பில் கட்டி வந்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அன்றைக்கு அப்புறம் அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்பது, நைனா போனில் வாய்தவறிச் சொன்னபோதுதான் தாட்சாயணிக்குத் தெரிந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஊருக்கு ஓடினாள்.

"ஏன் அத்தே போவல?"

"இன்னாத்துக்குப் போவணும்? அந்த ஊசி போட்டா வாயெல்லாம் புண்ணு. சோறு துன்னா மண்ணு மாதிரி கீது. உன் மருந்துதான் வந்துக்கினு கீதே, அதயே போட்டுக்கறேன்." சொல்லிக்கொண்டே ரவிக்கைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றித் தைத்த ஒன்றை வெளியே எடுத்தாள். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வட்டக் காந்தம். "ரெடியா வெச்சிக்கினு கீறேன் பாரு."

"அத்தே, அது இன்னும் எலிக்கே போடல."

செல்லியம்மா அவளையே பார்த்தாள். "அப்ப எலிக்கு மின்னாடி எனக்குப் போடு. நான் இன்னா, எலிய விடக் கொறச்சலா?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அவள் யாருக்கும் காட்டாத குப்பியை எடுத்தாள். கறுப்பு நகராமல் படுத்துக்கொண்ட குப்பி. காந்தத்தை வைத்தாள், குலுக்கினாள். கறுப்பு அடியிலேயே கட்டிதட்டிக் கிடந்தது.

"இதுவும் நான் செஞ்சதுதான் அத்தே. உன் ரத்தத்துல போயி இப்டி அடச்சிக்கினா, கட்டிக்கு மின்னாடி இதுவே உன்ன கொன்னுடும்."

"எப்பதான் சரியா வரும்?"

"தெரில. வராமயே கூடப் போவலாம்."

"அதுவரிக்கும்?"

"ஆஸ்பத்திரி மருந்துதான். நான் கூட வரேன். நீ வரலன்னா நானும் இங்கயிருந்து போவல."

செல்லியம்மா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்த வெச்சிக்கினு நீயும்தான் இன்னா பாடு படுற" என்றாள். அப்புறம், "பஸ்ஸு எப்ப?" என்றாள்.

கீமோ நாட்களில் தாட்சாயணி ஆய்வகத்துக்கு மட்டம். வார்டுக் கட்டிலில் ஏறிப் படுத்ததும் செல்லியம்மா செய்கிற முதல் காரியம், ரவிக்கைக் காந்தத்தை எடுத்துக் கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒட்டுவதுதான். டப்பென்று ஒட்டிக்கொள்ளும். நர்ஸ் பத்மாவதி முதலில் முறைத்தாள், இப்போது கண்டுகொள்வதில்லை. போன தடவை செல்லியம்மா அதை வலப்பக்கக் கம்பியில் ஒட்டிவிட்டு, வலது கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியதும் கண்ணயர்ந்துவிட்டாள். அந்த மருந்தில் காந்தத்துக்கு மசிகிற சரக்கு பொட்டுக்கூடக் கிடையாது. தாட்சாயணிக்குத் தெரியாததா? எழுந்தாள். அத்தை விழித்துவிடாதபடி காந்தத்தை நகத்தால் நெம்பி எடுத்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கக் கம்பியில், கட்டி இருக்கிற மார்புக்கு நேராக, சத்தம் வராமல் ஒட்டிவைத்தாள்.