கூறியானின் தொண்டைத் துரு

வாயைத் திறக்காமல் ஒரு பெட்டி பாரை மீனை விற்றுக் காட்டுவீர்களா? எமில்ராஜ் முயன்று பார்த்தார். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தார்.

வள்ளங்கள் கரை தட்டியதும் கவிழ்த்த பெட்டியொன்றில் ஏறி நின்று மீனை ஏலம் கூறுவது இருபத்தாறு வருடமாக அவர் தொழில். அதனால் கூறியான் என்றே பெயர். விலை தொடங்குமுன் சுருட்டில் ஓர் இழுவை, முடிந்ததும் இன்னொன்று. "புகை தொண்டையை இளக்கும்" என்பார். குரல் கரகரத்தபோது நாவூறு பட்டுவிட்டதென்று செத்தல் மிளகாய் சுற்றி எரித்தார். அந்தப் புகையையும் குனிந்து நின்று ஆசைதீர இழுத்தார்.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் டொக்டர் பத்மாசினி தொண்டைக்குள் கமராவை விட்டுத் திரையில் காட்டினார்.

"உங்கடை இஞ்சின் உப்புக் காத்திலை துருப்பிடிக்குமெல்லோ? இதுவும் கிட்டத்தட்ட அதுதான். புகையாலை வாற ஒட்சியேற்றம் குரல்நாணை மூடியிருக்கிற மெல்லிய தோலின்ரை கலங்களை அரிக்குது. உடம்பு திருத்தப் பாக்குது, நீங்கள் விடுறியளில்லை."

"விடாட்டி?"

"அந்தத் தோல் மாறிப்போகும். பிறகு இந்தக் குரலை மறந்திடுங்கோ. சுருட்டு வேண்டாம். ரெண்டு கிழமை கதைக்கப்படாது."

கூறியான் ஊமையானால் வியாபாரிகள் தங்களுக்குள் பேசி விலையை அமுக்குவார்கள். கடலுக்குப் போனவனுக்கு எண்ணெய்ச் செலவும் மிஞ்சாது. ஆகவே அவர் ஒரு வழி கண்டார். குசுகுசுப்பது கதைப்பதல்லவே. சந்தையே காதைத் தீட்டிக்கொண்டு அவர்மேல் சாய்ந்தது.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்க வந்தவர் மாதிரி?" என்றாள் மீன் வாங்க வந்த குணலட்சுமி.

குசுகுசுப்பது தொண்டையை இன்னும் வருத்தும் என்று டொக்டர் ஏசி, இரண்டு கிழமையை மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணச் சொன்னார். அதன்பிறகு எமில்ராஜ் விரலால் கூறத் தொடங்கினார். ஒரு விரலுக்கு விலை நூறு ரூபாய் ஏறும்.

ஆனால் பெட்டிக்குப் பின்னால் சந்தைக் குத்தகைக்காரரின் ஜெனரேற்றர் டீசல் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. தள்ளி வைக்கச் சொன்னால், "முதல் அவரைச் சுருட்டை விடச் சொல்லுங்கோ" என்பது அவர் பதில். சுருட்டு எமில்ராஜின் மடமை, சரி. அங்கே மீன் விற்கும், சுருட்டையே தொடாத நாற்பது பெண்கள் தினமும் விழுங்கும் டீசல் புகை யாருடைய மடமை? அதற்குப் பெயர் அநியாயம்.

ஒன்பதாம் நாள் எமில்ராஜ் பெட்டியில் ஏறி விரல்களை மடக்கிக்கொண்டார். ஐஸ் உருகியது.

"கூறுங்கோவன்," என்றார் குத்தகைக்காரர்.

எமில்ராஜ் காதில் செருகியிருந்த சுருட்டுக் குறையை எடுத்து எல்லாரும் பார்க்க மீன் கழுவிய வாளிக்குள் போட்டார். பிறகு ஒற்றை விரலை ஜெனரேற்றரை நோக்கி நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

நீங்கள் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போனால், விலை கேட்குமுன் அந்த இயந்திரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள். அவர் இன்னும் ஐந்து நாள் கதைக்கக்கூடாது.