செங்கல் நிறக் காலைகள்

எங்கள் குடும்பத்தில் சோதனைக் குழாயை முதலில் பிடித்த கை என்னுடையது. தொண்ணூறுகளில், கல்லூரியில் வேதியியல் படித்த நாட்களில், அதில் காலைதோறும் பூனையின் மூத்திரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

பூனைக்குச் சர்க்கரை நோய். பாறசாலையில் கால்நடை மருத்துவர் இன்சுலின் போடக் கற்றுத் தந்தார். ரத்தம் பார்க்க நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டும். பஸ்ஸுக்குள் பூனை கூடையைக் கிழித்துவிடும். அதனால் மூத்திரப் பரிசோதனைக்கான நீலக் கரைசலை வாங்கிவைத்தேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் மாறாது, கூடக் கூடச் செங்கல் நிறத்தை நெருங்கும். ரப்பர் பால் உறையவைக்கும் அலுமினியத் தட்டில் கழுவிய சரல் கற்களைப் பரப்பினால், பூனை அதில் மூத்திரம் போகும். சாய்த்து எடுத்துக்கொள்வேன்.

ஸ்பிரிட் விளக்கின் சுடர் வெயிலில் தெரியாது. குழாய் தானாகவே கொதிப்பதுபோல இருக்கும். சொட்டுகள் விழுந்ததும் நீலத்துக்குள் பச்சை மிதக்கும், பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல். சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதம். அங்கேயும் அதே நிறங்கள் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். எது குழாய், எது தோட்டம் என்று சற்று நேரம் மறந்துபோகும்.

அம்மா உப்பில்லாமல் அவித்த சாளை மீனைப் பூனை தின்னும்போதே கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி போடுவேன். மருந்துக் குப்பி ஈரமணல் கலயத்தில் குளிர்ந்து கிடக்கும். எல்லாம் முறையாகத்தான் செய்தேன். ஆனாலும் தினமும் செங்கல். பூனை எலும்பாகிக்கொண்டிருந்தது.

“வெளியே எங்கேயோ தின்கிறது,” என்றார் மருத்துவர். “அது தெரியாமல் மருந்தைக் கூட்டினால், தீனி கிடைக்காத நாளில் மயங்கிச் செத்துப்போகும்.”

மறுநாள் பின்னாலேயே போனேன். மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாமியின் அடுக்களை. மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, ஒரு தட்டு நிறைய.

“மாமி, இதுக்கு மரச்சீனி குடுக்கப்பிடாது. சுகர் உண்டு.”

“பூச்சைக்குச் சுகரா! இதாக்கும் காலேஜில சொல்லித்தாறது? நீங்க பட்டினி போடுதிய, அது இங்க வருது.”

“இப்பிடித் தின்னா செத்துப்போவும் மாமி.”

“போ மக்கா! பசிச்ச வாய்க்கு நான் குடுக்கேன். ஒனக்கு என்ன?”

என் படிப்பை அவர் தட்டோடு ஒதுக்கிவைத்ததுபோல் இருந்தது. விளக்கையும் குழாயையும் அவர் முற்றத்துக்கே கொண்டுபோய், காலையில் பிடித்ததைக் காய்ச்சிக் காட்டினேன். செங்கல்.

மாமிக்கு வேடிக்கை பிடித்துப்போனது. “இது கொள்ளாமே! எனக்கதும் ஒண்ணு பாரு.” சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போனவர், முந்தானைக்குள் ஒரு குப்பியோடு வந்தார்.

பச்சை வந்தது. “கண்டியா, பச்சை!” என்றார். மஞ்சளில் சிரிப்பு நின்றது. ஆரஞ்சில் குந்தி உட்கார்ந்தார். செங்கலும் வந்தது. பூனை எங்கள் நடுவே பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“மக்கா,” என்றார் மெதுவாக, “அப்பம் நானும் செத்துப்போவனா?”

“இல்ல மாமி. டாக்டர்ட்ட காட்டுங்க. மரச்சீனியக் குறைக்கணும்.”

மாமி பூனையைப் பார்த்தார். தட்டை எடுத்துக் கோழிகளுக்குத் தட்டிவிட்டார்.

அதன்பிறகு காலையில் பூனை முன்னே வரும், மாமி குப்பியோடு பின்னே வருவார். ரப்பரில் செம்புநிறத் தளிர் விட்டிருந்த ஒரு நாள், பூனையின் குழாய் கொதித்துக் கொதித்தும் நீலமாகவே நின்றது. ஆகாயத்தில் கொஞ்சம் எடுத்து அடைத்ததுபோல. நான் அதைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்துக் குழாயில் மஞ்சள்.

மாமி பூனையை முறைத்தார். “ஒனக்குக் காவல் இருக்க ஆளுண்டு,” என்றார் அதனிடம். பிறகு என்னைப் பார்க்காமல், “நேத்து ஒரேயொரு கஷணம் மரச்சீனி தின்னேன், மக்கா.”