தறியைச் சுற்றி ஒரு பலகை

என் மகள் ஆறு மாதமாகியும் குப்புற விழவில்லை. மனைவி ஜவுளிக்கடை வேலைக்குப் போனபின் நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டே நெய்வேன். நெய்யும்போது நான் காலை இறக்கி உட்காரும் தறிப் பள்ளத்தில் உருண்டு விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், பகல் முழுக்கத் தூளியிலேயே போட்டு வைத்திருந்தேன்.

எடை பார்க்க வந்த அங்கன்வாடி அக்கா, "தூளியிலயே தொங்கிக்கினு இருந்தா பாப்பா எப்படிப்பா பொரளும்? கீழ வுடு, நீயும் கூட இரு" என்றார்.

அன்றே தறியைச் சுற்றிப் பலகை அடைத்தேன். பாயில் அவளை விட்டு, எதிரே நானும் குப்புறப் படுத்து, சிவப்புப் பட்டு நூல்கண்டை ஆட்டினேன். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் நூலை எட்டியவள் சட்டென்று புரண்டு, தலை தூக்கிச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அரை மணி நேர வேலை அந்தப் பலகை. இப்போது தவழ்ந்து வந்து அதைத் தட்டி அவள் கூப்பிட்டால், நெசவை அப்படியே விட்டு எழுந்துவிடுகிறேன்.