கைச்சாடைக்கு உட்கார்ந்த நாய்

எண்பதுகளின் கடைசியில் எனக்கு இராஜபாளையத்தில் நூல் மில் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாடகை வீடு. டவுன் பஸ்ஸில் போய் வருவேன். மில்லுக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம், வேண்டாத சாமான்களோடு ஒரு சாமானாக, வெள்ளை நாய் ஒன்று கட்டிக் கிடக்கும். நன்றாக வளர்ந்த நாய். சங்கிலி உரசி உரசிக் கழுத்தில் முடியே இல்லை. யாராவது நினைத்துக்கொண்டால் சோறு, இல்லையென்றால் பட்டினி. ஷிப்டு முடிந்து போகும்போது டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்துப் போடுவேன். ஒருநாள் வாட்ச்மேன், "பிடிச்சிருந்தா கொண்டு போங்கண்ணே. சொன்ன பேச்சு கேக்கலன்னுதான் மொதலாளி இங்க கட்டிப் போட்டுட்டாரு" என்றார். யோசிக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைவு. பஞ்சு லாரி ஒன்றில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டேன்.

"இம்புட்டு எலும்பையும் எங்கேருந்து பொறுக்கிட்டு வந்திய?" என்று கேட்டாள் என் மனைவி. கேட்ட கையோடு கழுத்துப் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டாள். திட்டியது மாடியில் இருந்த வீட்டுக்காரர்தான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஒழுங்கில்லாத நாய்க்கு என் காம்பவுண்டுல எடங் கெடையாது. பொங்கல் வரைக்கும் பாப்பேன். சொல்பேச்சு கேக்கலன்னா எங்கேருந்து கொண்டாந்தீரோ அங்கயே விட்டுட்டு வாரும்" என்றார். அங்கே என்றால் மறுபடியும் அதே சங்கிலி.

அன்றிலிருந்து நான் வாத்தியார் ஆனேன். "உக்காரு", "வா", "நில்லு" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். மாடியிலிருந்து வீட்டுக்காரரும் தன் பங்குக்குக் கத்தினார். நாய்ப் பயல் தன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "ராஜபாளையம் நாயில்லா, ரோசக்காரன். மொத எஜமான் பேச்சத்தான் கேப்பான்." பால் மாதிரி வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, அப்பழுக்கில்லாத சாதி என்று புகழ்ச்சி வேறு. எங்கள் பக்கத்தில் நாய்க்கு ரோஷம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்குக் கோபமும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தீபாவளி வந்தது. தெருவில் அணுகுண்டு வெடித்தபோது மற்ற நாய்களெல்லாம் வண்டிக்கடியில் போய் ஒடுங்கின. எங்கள் வீட்டு ரோஷக்காரன் வாசற்படியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி உள்ளே போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்து, அவன் தலைக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஓங்கித் தட்டினாள். ஒரு காதுகூட அசையவில்லை.

"ஏங்க, இது ரோசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாவம், இதுக்குக் காது கேக்காது."

அந்த மாதிரி வெள்ளை நாய்களில் சில செவிடாகப் பிறக்கும் என்று நானே யாரிடமோ கேட்டிருக்கிறேன். அழகைப் பார்த்த மயக்கத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. காதில் விழாத சொல்லுக்காக இவன் எத்தனை அடி வாங்கியிருப்பான்!

அடுத்த நாள் மில்லில்தான் வழி கிடைத்தது. மிஷின்கள் ஓடும்போது பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. நாங்கள் எல்லோரும் கையால்தான் பேசுவோம். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, விரல்களை மடக்கி இழுத்தால் வா, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. வருஷக்கணக்காகப் பேசிய பாஷையை வீட்டுக்குக் கொண்டு வர எனக்குத் தோன்றவே இல்லையே!

ஆனால் கையைத் தூக்கினாலே அவன் சுருண்டு படுத்து மூத்திரம் விட்டான். அவனுக்குத் தெரிந்த கை அடிக்கிற கைதான். அதனால் தரையில் உட்கார்ந்து, கையைச் சட்டென்று நெஞ்சுக்கு மேல் உயர்த்தாமல், இன்னொரு கையில் ஈரல் துண்டை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்: உள்ளங்கையைக் காட்டினால் நின்று உட்கார வேண்டும். தரையைக் காலால் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்புவான். டீக்கான சாடையைத் தீனிக்கு வைத்தேன், அதைத்தான் முதலில் படித்தான், திருட்டுப் பயல். முகத்தைப் பார்க்க வைத்தது மனைவி. அவன் எப்போது அவளைப் பார்த்தாலும் ஒரு சிட்டிகை பால்கோவா. நாளாக ஆக, நடக்கும்போது தானாகவே திரும்பித் திரும்பி எங்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கேட்டைத் திறந்து போட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் போன பூனையைப் பார்த்து இவன் பாய்ந்தான். தெருமுனையில் கரும்பு லாரி திரும்பியது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து பட்டாளத்துக் குரலில், "ஏலே, நில்லு! நில்லுல!" என்று அலறினார். அந்தக் குரலால் என்ன பிரயோஜனம்?

ரோட்டோரத்தில் போய், வழக்கம்போல, ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

உள்ளங்கையைக் காட்டினேன். உட்கார்ந்தான். அவன் மீசைக்கு முன்னால் லாரி கடந்து போனது. சாடை காட்டியதும் எழுந்து வந்து என் காலடியில் நின்றான். நான் தெருவென்றும் பாராமல் அழுதேன். மனுஷனிடம் அவ்வளவு பட்ட ஜீவன் மறுபடியும் ஒரு மனுஷன் முகத்தைத் திரும்பிப் பார்த்ததே, அந்த நன்றி இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

வீட்டுக்காரர் பனியனோடு இறங்கி வந்தார். நாய் முன்னால் போய் நின்றார். பிறகு கூச்சத்தோடு உள்ளங்கையை நெஞ்சளவுக்குத் தூக்கினார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான், உட்கார்ந்தான்.

"கூப்பிடுததுக்கு எப்படிக் காட்டணும்? அதையும் சொல்லிக் குடும்" என்றார்.