ஏழு வருஷத்துக் கூந்தல்

வடித்த கஞ்சியில் பாதி சேலைக்கு, பாதி தலைக்கு. ஞாயிற்றுக்கிழமை சோற்றை வடித்ததும் ஆவுடைத்தாய் செய்கிற முதல் பங்கீடு இது. சேலைக்கு உள்ளதில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வாள். மொடமொடவென்று கஞ்சி போட்டால் வெயிலில் காற்றுப் புகாது, உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் என்பாள். தலைக்கு உள்ளதில் சீயக்காய்த் தூளும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும் சேரும். "குடிக்க ஒரு வாய் கஞ்சி மிஞ்சுதா இந்த வீட்டுல?" என்று அம்மா மூக்கம்மாள் முணுமுணுப்பாள். "நானாம்மா குடிக்கேன்? தலைதானே குடிக்கு" என்று இவள் சிரிப்பாள்.

வீடு ஆமத்தூரில். வேலை சிவகாசிப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து சலிக்கிற அறையில். காலையில் கம்பெனி வண்டி வந்து நிற்கும்போது அவளைப் பார்க்க வேண்டும். இளநீலத்தில் மெல்லிய வாயில் பருத்திச் சேலை, முழங்கை வரைக்கும் கை வைத்த வெள்ளை ரவிக்கை, இடுப்பில் மடித்துச் செருகிய கைக்குட்டை, கறுப்புக் குடை. பங்குனி வெயிலில் ஊரே உருகி வழிகிறபோது இவள் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள்போல நிற்பாள். கம்பெனி வாசலில் இறங்கியதும் அத்தனையும் அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, சாயம்போன கைத்தறிச் சேலையைச் சுற்றிக்கொண்டு, தலையை இரண்டு துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மருந்தறைக்குள் போய்விடுவாள். சாயங்காலம் தொட்டியில் குளித்து மறுபடியும் அதே சோடனை.

"போக அரை மணி, வர அரை மணி. அதுக்காட்டி இம்புட்டு மினுக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து வருகிற முருகம்மாள் கேட்பாள்.

"மத்த நேரமெல்லாம் கம்பெனிக்கும் அடுப்புக்கும் போயிருதுல்ல மதினி. இது ஒண்ணுதான் எனக்கு."

அந்த நாளில் ஊரெல்லாம் நைலான் பைத்தியம் பிடித்து அலைந்தது. மருந்தறைப் பக்கம் நைலான் கட்டி வரக்கூடாது, உரசினால் பொறி பறக்கும் என்று போர்மேன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆவுடைத்தாய்க்கு அவர் சொல்லவே வேண்டாம். "அதைக் கட்டிக்கிட்டு நம்மூரு வெயில்ல நாலெட்டு நடந்தா இட்லி கணக்கா வெந்துருவோம்" என்பாள்.

சேலையைச் சொல்லிவிட்டேன், தலையைச் சொல்ல வேண்டாமா? இடுப்புக்குக் கீழே இறங்கிய, கன்னங்கரேலென்ற ஒற்றைப் பின்னல். பார்க்கிறவர்கள் பிறவிச் சொத்து என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பாவி மகள் அதற்குப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஐம்பத்தேழில் ஊரில் காலரா. கிணற்றில் கொட்டுவதற்கென்று வீட்டுக்கு ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்போது ஆவுடைத்தாய்க்கு இருபது வயது. வெம்பக்கோட்டையிலிருந்து இரண்டு நாளில் பெண் பார்க்க வருகிறார்கள். தலையிலோ மருந்தறை அலுமினியப் பொடி அப்பிக் கிடக்கிறது, எத்தனை அலசினாலும் கந்தக வாடை போகவில்லை. வேட்டியில் இருக்கிற கறையை எடுக்கிற பவுடர் முடியில் இருப்பதை எடுக்காதா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கேட்க ஆளில்லை. கேட்டாலும் அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? குழைத்து அப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எரிச்சல் தாங்காமல் அலசியபோது முடி சோளக்கதிர் நார் நிறத்துக்கு வந்திருந்தது. சீப்பை வைத்தால் பொடிப்பொடியாக முறிந்தது.

அடுத்த மண்டுத்தனம் அம்மாவுடையது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தலை முழுக்கத் தடவிவிட்டாள். உச்சி வெயிலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். ஆவுடைத்தாய் காப்பித் தட்டோடு குனிந்தபோது வேர்வையோடு கரி இறங்கி, கழுத்து வழியாகப் புது மஞ்சள் ரவிக்கையில் கோடு கோடாக ஓடியது. மாப்பிள்ளையின் அத்தை ஒரு விரலால் துடைத்துப் பார்த்தாள். "பொண்ணு மூக்கும் முழியுமாத்தான் இருக்கா. தலைக்குள்ள என்ன, அடுப்பாங்கரையா?" எல்லாரும் சிரித்தார்கள். காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் அவளே அரிவாள்மனையில் வைத்துக் கழுத்தளவுக்கு அறுத்துப் போட்டாள். அன்றிலிருந்து கரி, சாயம் எதுவும் தலையில் படவில்லை. கஞ்சி, கரிசலாங்கண்ணிச் சாறு, செம்பருத்தி இலை, விளக்கெண்ணெய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனியில் ஒரு விரற்கடை வெட்டு. ஈரத்தலையில் சீப்பு வைக்கமாட்டாள். கம்பெனியில் தலை செம்பட்டையாகிப் போன பெண்கள் வழி கேட்டு வருவார்கள். "மொதல்ல கெட்டதை வெட்டித் தள்ளுங்க. செத்த முடிக்கு எம்புட்டு எண்ணெய் ஊத்தினாலும் உசிரு வருமா?" என்பாள். வெட்ட மனசில்லாமல் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள்.

அறுபத்து நாலில் ஒரு பேச்சு வந்தது. மல்லாங்கிணறு சங்கரலிங்கம், மனைவியை இழந்தவன், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் கம்பங்காடு. வழியில் எங்கோ பார்த்துவிட்டு, "அந்தக் குடை பிடிச்சு வார பொண்ணு" என்று அவனே ஆளனுப்பிக் கேட்டான். ஆவணியில் பார்த்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அவளுக்கு இருபத்தேழு. அந்த வயதுக்கு மேல் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டு வரமாட்டார்கள். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் ரோஜா நிறத்தில் ஒரு வாயில் சேலை வாங்கி வைத்தாள்.

ஆடியில், அவள் தங்கை சின்னத்தாய் வேலை பார்த்த ஷெட்டில் தீப்பிடித்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கையும் வெந்துபோயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூக்கம்மாள் தரையில் விழுந்து ஆற்றங்கரை அம்மனை அழைத்தாள். "தாயே, சின்னவளைக் குடுத்துரு. பெரியவ முடியை ஒனக்கு இறக்குதேன்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"நம்ம வீட்டுல வேற என்னட்டி இருக்கு, ஆத்தாளுக்குக் குடுக்க?"

அம்மா சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை.

சின்னத்தாய் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். "கலியாணம் முடியட்டும், பெறகு இறக்கலாம். ஆத்தா பொறுத்துக்கிடுவா" என்று அம்மாவே இறங்கி வந்தாள். ஆனால் நாலாம் நாள் புண் சீழ் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. தண்ணீர்த் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல், "அக்கா, ஊட்டி விடுக்கா" என்று அது வாயைத் திறந்தபோது ஆவுடைத்தாய் முடிவு செய்துவிட்டாள். முடி இறக்கப் போவதைச் சொல்லி முருகம்மாளை மல்லாங்கிணற்றுக்கு அனுப்பினாள். முருகம்மாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "மொட்டைத் தலையைப் பொண்ணு பாக்கப் போனா சொந்தக்காரங்க சிரிப்பாகளாம். தலை வளருத மட்டும் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்க முடியாதுங்காரு. அருப்புக்கோட்டைப் பக்கம் வேற பாத்துட்டாகளாம்." அன்றைக்கு ஆவுடைத்தாய் வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோலவே கஞ்சி தேய்த்துக் குளித்து, உலரவைத்து, ரோஜா நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு கோயிலுக்குப் போனாள். நாவிதர் சீனிச்சாமி பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பூ முடி குடுத்தாலும் நேர்ச்சை நேர்ச்சைதாம்மா. மூணு கொத்து எடுத்துவிடட்டுமா?" என்றார்.

"முழுசாத்தான் நேந்திருக்கு. இறக்குங்க" என்றாள்.

தலையில் சந்தனம் பூசியபின் அம்மா வண்டிக்கு நடந்தாள். ஆவுடைத்தாய் நடக்கவில்லை. வேப்பமரத்தடியில், காணிக்கை முடியை ஏலம் எடுத்தவரின் ஆள் பாய் விரித்து உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தான். குட்டையும் செம்பட்டையும் சாக்குக்குள் போயின. நல்லதைக் கட்டிப் பாயில் அடுக்கினான். அவள் போய் அவன் எதிரில் நின்றாள்.

"காணிக்கை முடிம்மா. திருப்பிக் கேக்கக்கூடாது."

"கேக்கலைய்யா. எங்கன போடுதீகன்னு பாக்கேன்."

அவன் அவள் முடியை எடுத்து உதறி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, உச்சியிலிருந்து நுனி வரை விரலால் கோதினான்.

"என்ன வேலை பாக்கீக?"

"பட்டாசுக் கம்பெனி. மருந்தறை."

"சும்மா சொல்லாதீக. அங்கன இருந்து வாரதெல்லாம் வெறும் நாருல்லா. நானும் எத்தனை வருசமா பாக்கேன்." சணலால் இரண்டு சுற்றுக் கட்டி, பாயில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.

"வாட்டி, வண்டி போயிரும்" என்று அம்மா கூப்பிட்டாள்.

முடியின் நுனி பாயைத் தாண்டி மணலில் கிடந்தது. ஆவுடைத்தாய் குனிந்து அதை எடுத்தாள். ஒட்டியிருந்த மணலை ஊதி, விரலால் நீவி, பாயின் மேல் மடித்து வைத்தாள்.