எழுதிக் கொடுக்காத அனுமதி

ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அந்த வண்டியில்தான் என் மருமகள் வேலைக்குப் போகிறாள். சாயங்கால வண்டி வரும்வரை வீட்டில் எந்த நாற்காலியும் எனக்குச் சரிப்படுவதில்லை.

தங்கவயலில் உள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. ஒரு வெல்டிங் நன்றாக இருக்கிறது என்று ஃபோர்மேன் சத்தியம் செய்தாலும், சோதித்ததற்கான தாள் என் கைக்கு வராமல் அடுத்த பிரிவுக்கு அனுப்பமாட்டேன். "சாருக்குப் பேப்பர்தான் சாமி" என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாளின் மதிப்பு தெரியாதவன் செய்த தவறு அல்ல இது.

மருமகள் பெங்களூரில் ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறாள். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கும் பிரிண்டர் ஓடாதவர்களுக்கும் போனில் வழி சொல்லும் வேலை. போக வர ரயிலிலேயே அரை நாள் போய்விடும். மற்ற பெண்கள் பூண்டு உரிப்பார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். இவள் மடியில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு படிப்பாள். எதிகல் ஹேக்கிங் படிக்கிறேன் என்று ஒருநாள் சொன்னாள்.

"அது இன்னாம்மா எதிகல்? திருட்டுல நல்ல திருட்டு வேறயா?"

"திருட்டு இல்ல மாமா. பூட்டுக்காரரே நம்மள கூப்ட்டு, இத தெறக்க முடியுதா பாருன்னு சொல்வாரு. தெறந்தா, எப்படி தெறந்தேன்னு எழுதிக் குடுக்கணும். உள்ள இருக்கிற எதையும் தொடக்கூடாது."

"அப்போ என் வேலதான். வெல்டுல ஓட்ட தேடுறது."

"அதேதான். ஆனா கூப்டாம போனா ஜெயிலு."

இருவரும் சிரித்தோம்.

ஒன்றரை வருடம் படித்தாள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்பதில் தொடங்கினாள். பிறகு லினக்ஸ். பிறகு, உடைத்துப் பழகுவதற்கென்றே இணையத்தில் கட்டி வைத்திருக்கும் பயிற்சித் தளங்கள். ஒவ்வொன்றையும் உடைத்த பிறகு, எப்படி உடைத்தாள் என்று நோட்டில் படிப்படியாக எழுதுவாள். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். விஷயம் புரியவில்லை, ஒழுங்கு புரிந்தது. எங்கள் பிரிவில் நான் வேலை வாங்கிய எந்த ஆளும் அப்படி எழுதியதில்லை.

அடிப்படைச் சான்றிதழ் வந்தது. அடுத்தது செய்முறைத் தேர்வு. வீட்டிலேயே, கேமரா முன்னால். எங்கோ ஒரு கண்காணிப்பாளர் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பாராம், அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாதாம். இதை என்னிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள். பதினோரு மணிக்கு நான் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"மாமா, வெளிய போங்க!"

அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. தேர்வு பாதியில் நின்றது. யார் அந்த ஆள் என்று கேட்டதற்கு, "மை ஃபாதர் இன் லா, வெரி சாரி, ஹி ஒன்லி பிராட் காபி" என்று கேமராவைப் பார்த்துக் கெஞ்சினாள். காபிக் கோப்பையைக்கூடக் காட்டச் சொன்னார்களாம். கடைசியில் தொடர விட்டார்கள். பாஸாகிவிட்டாள். என் மகன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க நல்லது செய்ய வந்தாலே எங்களுக்கு பயம்" என்றான். அன்று அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

சான்றிதழ் இரண்டு இருந்தும் வேலை கிடைக்கவில்லை. மூன்று கம்பெனிகள் ஒரே கேள்வியைக் கேட்டன.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேக்கறாங்க மாமா. லேபுல ஒடச்சது சேராதாம். நெஜமா ஒரு சைட்ட டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் எழுதிக்கீறியான்றாங்க. வேல குடுத்தாதானே எழுத முடியும்?"

நான்காவது கம்பெனி இரண்டு வாரத்தில் நேர்காணலுக்கு வரச் சொன்னது. பெயர்களை மறைத்து, தான் எழுதிய அறிக்கை ஒன்றையும் கொண்டுவரச் சொன்னது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

நான் ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளராக இருந்தேன். ஸ்கெலட்டன் என்ற பகுதியில் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் எங்கள் ஆபீஸ். உறுப்பினர்கள் மருத்துவச் சீட்டுகளை ஏற்றி வைப்பதற்கு ஒரு வெப்சைட் இருந்தது. தலைவரின் மாப்பிள்ளை செய்து கொடுத்தது.

"எங்க சைட்ட டெஸ்ட் பண்ணும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நாளே ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து என் மேசைமேல் வைத்தாள். எந்தத் தளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது. கீழே செயலாளருக்கு ஒரு கோடு, தலைவருக்கு ஒரு கோடு.

"ரெண்டு பேரும் சைன் போட்டாதான் மாமா நான் தொட முடியும்."

"நான் செகரட்டரி இல்லயா? நான் சொன்னா பத்தாதா?"

"பத்தும் மாமா. ஆனா ரூல்ஸு..."

"வர மீட்டிங்ல தீர்மானம் போட்டு பேப்பர் வாங்கித் தரேன். உனக்கு நாள் இல்ல. நீ ஆரம்பி."

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை, துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "இன்னாம்மா, என் மேல நம்பிக்கை இல்லயா?" என்றேன். ஒரு மாமனார் அப்படிக் கேட்டபின் எந்த மருமகளால் தாளைக் கேட்க முடியும்? அது தெரிந்துதான் கேட்டேன்.

தலைவரிடம் போனால் அவர் மாப்பிள்ளையைக் கேட்பார், மாப்பிள்ளை வேண்டாம் என்பார். அதைத் தவிர்க்கப் பார்த்தேன். இன்னொரு காரணமும் உண்டு. என் வாய்ச்சொல்லே போதும் என்று அந்தப் பெண் நினைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடிதம் என் கண்ணாடிக் கூட்டின் அடியில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவள் வேலையைத் தொடங்கினாள். என் உறுப்பினர் எண்ணைப் போட்டு என் பக்கத்தைத் திறந்தாள். திரையின் மேலே இணைய முகவரியின் கடைசியில் அந்த எண் இருந்தது. அதை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டாள். அவ்வளவுதான், வேறொருவரின் சீட்டுகள் திறந்துகொண்டன. உடனே ஒரு படம் எடுத்து, பெயரைக் கறுப்பாக்கி, பக்கத்தை மூடிவிட்டாள். அதற்குமேல் ஒரு எண்ணைக்கூட மாற்றிப் பார்க்கவில்லை. ஓட்டை எங்கே, ஆபத்து என்ன, எப்படி அடைப்பது என்று ஆறு பக்கத்தில் எழுதினாள். தேவையில்லாத ஒரு சொல் அதில் இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பையில் வைத்து நேராகக் கமிட்டிக்கு எடுத்துப் போனேன்.

உறுப்பினர் எண் ஒன்று யாருடையது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

தலைவர் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பெயர் மறைந்திருந்தாலும், தன் டாக்டரின் எழுத்து யாருக்குத்தான் தெரியாது. அவர் தன் வியாதியை எங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தோம்.

"இது என் சீட்டு" என்றார். படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "யார் பாத்தது இத?"

"என் மருமக. எதுக்குன்னா, சைட்டுல ஒரு ஓட்ட..."

"யார கேட்டுகினு பாத்துது? யார் பர்மிஷன் குடுத்தது?"

அந்த அறையில்தான் என்னை இன்னும் "சார்" என்று கூப்பிடுகிறார்கள். அடுத்த மாதம் சங்கத் தேர்தல். இரண்டும் ஒரே நொடியில் மனதில் ஓடின. மூன்றாவதாக அவள் நினைப்பு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

"நான் எழுத்துல எதுவும் குடுக்கல" என்றேன்.

அது உண்மை. வாயால் சொன்னீர்களா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். ஒருவரும் கேட்கவில்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது செயலாளர் வேலை. "சங்கத்தின் அனுமதியின்றி" என்று என் கையாலேயே எழுதினேன். போலீசுக்குப் புகார் கொடுக்கவேண்டும் என்றார்கள். அங்கே நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். புகாரையும் நானே எழுதினேன். பெயர் போடாமல் "ஒரு நபர்" என்று எழுதி, அதையே ஒரு பெரிய உதவி போல நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டேன். அனுமதிக்கு அத்தனை நாள் எழுத முடியாத கை, புகாரை அரைமணியில் எழுதி முடித்தது.

வீட்டில், "கமிட்டில கொஞ்சம் கோவமா இருக்காங்க, ஆறிடும்" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கடிதம் பற்றி அவள் கேட்டபோது, பார்க்கலாம் என்றேன்.

நேர்காணலில் அந்த ஆறு பக்கத்தைப் பற்றி ஒரு மணிநேரம் கேள்வி கேட்டார்களாம். அவளை எடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு அழைப்புக் கடிதம் வந்த அன்று மகன் ஜாமூன் வாங்கி வந்தான். பின்னணி விசாரணை முடிந்ததும் சேரவேண்டும். போலீஸ் புகார் ஏதும் தன்மேல் இல்லை என்று அவள் எழுதிக் கொடுக்கவேண்டும். ஜாமூன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

நான்காவது நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். பெயரைத் தலைவர் நேரில் சொல்லியிருந்தார். மகனும் அவளும் போனார்கள். திரும்பி வந்தபோது அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"புகார காட்டினாங்க. கையெழுத்து உங்களுது மாமா."

"பேரு போடலம்மா..."

"வேற யாராவது சொல்லியிருந்தா பேப்பர் இல்லாம தொட்டுருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னுதான் தொட்டேன்."

மகன் வாசலுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதற்குமேல் பேசவில்லை.

அவள் கம்பெனிக்குத் தானாகவே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். மறைக்கலாமே என்று மகன் கேட்டதற்கு, இந்த வேலையே நம்பி உள்ளே விடுகிற வேலை, மறைத்துவிட்டுப் போய் என்ன செய்வது என்றாளாம். புகார் முடிந்ததும் தெரிவியுங்கள் என்றார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

நான் கண்ணாடிக் கூட்டின் அடியிலிருந்த கடிதத்தை எடுத்தேன். அவள் சோதிப்பதற்கு முந்தைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டால் என்ன என்று தோன்றியது. பேனாவைத் திறந்து அவளைக் கூப்பிட்டேன்.

"பழைய தேதி போட்டுத் தரேம்மா. ஸ்டேஷன்ல காட்டு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

"அது ஃபோர்ஜரி மாமா. உங்களுக்கு நான் சொல்லணுமா?" கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இன்னா நடந்துதோ அத எழுதுங்க. இன்னிக்கு தேதி போடுங்க."

மறுநாள் கோலாருக்கு பஸ் ஏறினேன். கோர்ட் வாசலில் ஒரு நோட்டரியிடம் உட்கார்ந்து, வாய்மொழியாக அனுமதி கொடுத்தது நான், அதைக் கமிட்டியில் மறைத்தது நான் என்று பிரமாணப் பத்திரம் எழுதினேன். நோட்டரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன்.

அதன் நகலோடு கமிட்டிக்குப் போனேன். தலைவர் கடைசிவரை படித்தார்.

"இன்ஸ்பெக்‌ஷன் சாரு வெல்டுலயே ஓட்டையா?" என்றார். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு தலைவரே தணிந்த குரலில், "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் திட்டிட்டு உட்டுருப்பேனேய்யா. ஒரு பொண்ணு வாழ்க்கைய வம்புல இழுத்து உட்டீங்களே" என்றார். ராஜினாமாவையும் கொடுத்துவிட்டு வந்தேன். புகாரைத் தொடர விருப்பமில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வெப்சைட்டின் ஓட்டையையும் அவள் எழுதிய வழியிலேயே அடைத்துவிட்டார்கள்.

புகாரை முடித்துவைத்ததற்கான தாள் ஸ்டேஷனிலிருந்து இன்னும் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போய்க் கேட்கிறேன். "வரும், போங்க சார்" என்கிறார்கள். அவள் பழையபடி காலை வண்டியில் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போகிறாள். மடியில் அதே லேப்டாப். அடுத்த சான்றிதழுக்குப் படிக்கிறாளாம். மகன் சொல்லித்தான் தெரியும்.

போன ஞாயிறு என் போனில் யாரோ அனுப்பிய எதையோ தொட்டுவிட்டேன். அதிலிருந்து தானாகவே ஏதேதோ திறக்கிறது. முன்பெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே அவள் கையிலிருந்து வாங்கிச் சரிசெய்து தருவாள். அன்று நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க மாமா. எந்த போனு, இன்னா பாக்கணும், எதப் பாக்கக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"டைம் போடல."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினேன். அதற்குப் பிறகுதான் போனைக் கையில் வாங்கினாள்.